இடிபடவிருக்கும் வணிக வளாகத்துக்குள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கடிதங்களில் பல, பூட்டிக் கிடந்து இப்போது இடிபடக் காத்திருக்கும் பழைய வணிக வளாகங்களைப் பற்றியவை. இந்த இதழின் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*கேள்வி: எங்கள் ஊரில் பேருந்து நிலையத்துக்கு மேற்புறச் சரிவில் இருக்கும் இரண்டு தள வணிக வளாகம் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் அதை இடித்து, வாகன நிறுத்தத்துடன் புதிய கட்டடம் எழுப்பப் போகிறார்கள். அமெரிக்காவில் கைவிடப்பட்ட மால்களுக்குள் எடுக்கப்பட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் நண்பர்கள் மூவரும் பின்பக்கத்தில் பெயர்ந்து கிடக்கும் ஷட்டர் வழியாக ஓர் இரவு உள்ளே போய்ப் படம் எடுக்கலாம் என்றிருக்கிறோம். திருடவோ உடைக்கவோ போகவில்லை. இதில் தவறு உண்டா? உள்ளே எதைப் பார்க்க வேண்டும்?*
— கல்லூரி மாணவர், குன்னூர்

உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதை முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஓர் ஊரின் கொடுக்கல் வாங்கல் ஒரே கூரைக்குக் கீழே தலைமுறைக் கணக்கில் நடந்த இடம், பொக்லைன் வந்து நின்ற சில நாள்களில் மண்மேடாகிவிடும். அதற்கு முன் ஒருவராவது போய்ப் பார்த்துக் குறித்து வைக்காவிட்டால், அந்த இடத்தைப் பற்றி அலுவலகக் கோப்பில் உள்ள ஏலத்தொகையைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. ஆனால் இரவில் போவதும் வேண்டாம், பின்பக்க ஷட்டர் வழியாகப் போவதும் வேண்டாம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் அத்துமீறி நுழைதலைப் பற்றியது 329ஆம் பிரிவு. குற்றம் செய்யவோ, இடத்தைக் கையில் வைத்திருப்பவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ நினைத்து நுழைந்தால்தான் அது குற்றம் என்று அந்தப் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் நள்ளிரவில் டார்ச்சும் கையுமாகப் பிடிபட்டவர், தம் மனத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதைக் காவல் நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க நேரும். குற்றம் உறுதியானால் மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மக்கள் குடியிருக்கும் கட்டடத்திலோ பொருள்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் கட்டடத்திலோ நுழைந்ததாக ஆனால் சிறை ஓராண்டு வரை நீளும். இரவைப் பற்றி மலையில் பிறந்த உங்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் விளக்கில் ஊற்றிய எண்ணெய்க்காகக் கதவை உடைத்து நுழையும் கரடிக்குத் திறந்து கிடக்கும் ஷட்டர் ஒரு தடையே இல்லை. ஆள் நடமாட்டமற்ற கட்டடத்தில் சிறுத்தை படுத்திருந்தாலும் வியப்பில்லை.

எனினும் நான் தடுப்பதற்கு முதன்மையான காரணம் வேறு. பின்வழியாகப் போனால் நீங்கள் மூவர் மட்டுமே போவீர்கள். அந்தக் கடைகளில் உட்கார்ந்து வியாபாரம் செய்த ஒருவர் உடன் இல்லாமல் போனால் அங்கே நீங்கள் காணப்போவது தூசியும் ஒட்டடையும்தான். உதகையில் இந்து நகரில் இயங்கி மூடப்பட்ட ஃபிலிம் ஃபேக்டரியை நினைத்துப் பாருங்கள். 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் படச்சுருளும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்த அரசு நிறுவனம். ஒளி பட்டால் கெட்டுவிடும் பொருள் என்பதால், ஃபிலிமின் மீது வெள்ளி உப்புக் கலவையைப் பூசும் வேலை இருட்டிலோ மிக மங்கிய வண்ண விளக்கிலோதான் நடந்தாக வேண்டும். அப்படிப்பட்ட ஒரு கூடத்துக்குள் எவ்வளவு நல்ல கேமராவோடு போனாலும் அங்கே நடந்த வேலையைப் படம் பிடிக்க முடியாது. இருட்டில் கையும் காலும் எப்படிப் பழகின, பக்கத்தில் நிற்பவரை எதை வைத்து அறிந்தார்கள் என்பதெல்லாம் அங்கே ஷிஃப்ட் பார்த்தவர் வாய் திறந்து சொன்னால்தான் நமக்குத் தெரியும். கடைகளுக்கும் இது பொருந்தும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வளாகம் நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ சொந்தமானால் ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ, தனியாருடையதென்றால் உரிமையாளருக்கோ எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள். கட்டடத்தை மதிப்பிடுவதற்காகப் பொறியாளர் எப்படியும் ஒரு நாள் உள்ளே போவார். அன்று பகலில் இரண்டு மணி நேரம் உடன் வர அனுமதி கேளுங்கள். அதற்குள் அங்கே கடை வைத்திருந்த இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடியுங்கள். சிறிய ஊர், பேருந்து நிலையத்து டீக்கடையில் விசாரித்தாலே ஆள் கிடைத்துவிடும்.

அவர்களோடு நின்று பார்க்கும்போது சுவரும் தரையும் பேசத் தொடங்கும். ஒரே மட்டத்தில், சாண் இடைவெளி விட்டு வரிசையாக ஆணி அடித்திருந்தால் அங்கே ஸ்வெட்டரும் மப்ளரும் தொங்கியிருக்கும். தலைக்கு மேலே கூரையில் ஒரு மூலை மட்டும் கரி படிந்து, அதற்கு நேர் கீழே தரை அரித்துப் போயிருந்தால் டீக்கடையின் பாய்லர் நின்ற இடம் அது. தரையில் நான்கு சிறு குழிகளும் அவற்றுக்குப் பின்னால் நாற்காலிக் கால்கள் இழுபட்ட கோடுகளும் இருந்தால் தையல் மிஷின் போட்டிருந்தார்கள் என்று கொள்ளலாம். கல்லாவுக்கு முன்னால் வாடிக்கையாளர்கள் நின்று நின்று, அந்த இரண்டு அடி இடத்தில் மட்டும் சிவப்பு ஆக்சைடு தேய்ந்து சிமெண்ட் வெளியே தெரியும். எந்தக் கடை நன்றாக ஓடியது என்பதை அந்தத் தேய்மானத்தைக் கொண்டே ஓரளவு சொல்லிவிடலாம். ஷட்டர் பெட்டியில் வெள்ளிக்கிழமைதோறும் வைத்த மஞ்சள் குங்குமம் அடுக்கடுக்காகக் காய்ந்து தடித்திருக்கும். அதையும் அருகில் நின்று ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு கடையையும் வாசலுக்கு நேரே நின்று ஒரே தொலைவிலிருந்து எடுத்து, கடை எண்ணையும் அங்கே நடந்த தொழிலையும் அப்போதே நோட்டில் எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எல்லாக் கடையும் ஒன்று போலத் தெரியும்.

*கேள்வி: என் மகன் இப்படிப்பட்ட கட்டடங்களுக்குள் போவதில் ஆர்வம் உள்ளவன். ஹெல்மெட்டும் ஷூவும் போட்டுக்கொண்டுதான் போகிறேன் என்கிறான். அது போதுமா?*
— ஓய்வு பெற்ற ஆசிரியை, கோத்தகிரி

போதாது அம்மா. உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைப் பற்றி இளைஞர்களிடம் யாரும் நிதானமாகப் பேசுவதில்லை.

மலையில் கான்கிரீட் கட்டடத்தை அழிப்பது ஈரம். பனியும் சாரலும் விரிசல்களின் வழியே உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துருவானது இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடம் பிடிப்பதால், உள்ளிருந்தபடியே கான்கிரீட்டை விலக்கித் தள்ளுகிறது. உத்தரத்தின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் பழுப்புக் கோடு ஓடுவது முதல் அடையாளம். அதன்பின் அந்த இடம் வீங்கும், தட்டினால் பொள்ளென்று ஓசை வரும், பிறகு பாளம் பாளமாக விழும். ஆள் இருக்கும் கட்டடத்தில் யாராவது பார்த்துப் பூசுவார்கள். பூட்டிய கட்டடத்தில் இது கேட்பாரின்றி நடந்துகொண்டே இருக்கும்.

இவற்றில் மிகவும் அஞ்ச வேண்டியது முதல் தளத்தின் நடைபாதை. நம் ஊர் வளாகங்கள் பலவற்றில் மேல்தளக் கடைகளுக்குப் போகும் நடைபாதை, தாங்கும் தூண் இல்லாமல் வெளியே நீட்டிக் கட்டப்பட்டிருக்கும். அப்படி நீட்டிய தளத்தில் பாரத்தைத் தாங்கும் கம்பி மேற்புறத்தில் கிடக்கிறது. மழைநீர் தேங்குவதும் அதே மேற்புறத்தில்தான். கீழே நின்று பார்க்கிறவருக்கு அடிப்பக்கம் நன்றாகத் தெரிந்தாலும் மேலே உள்ள கம்பி அரித்துப் போயிருக்கக்கூடும். பத்துப் பேர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படம் எடுக்க நினைக்கும் இடமும் அதுவே. பொறியாளர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அதில் ஒருவர்கூடக் கால் வைக்கக் கூடாது. சன்ஷேடுக்கு அடியிலும் நிற்க வேண்டாம்.

அடுத்தது கூரை. பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருப்பார்கள். வெயிலிலும் மழையிலும் நைந்த ஷீட் ஆள் எடையைத் தாங்காது, மேலே ஏறியவர் அப்படியே உள்ளே விழுவார். ஷீட் உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். அதனால் வரும் நோய்கள் இருபது முப்பது ஆண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டும். கைக்குட்டையோ துணி முகக்கவசமோ அந்த இழையைத் தடுக்காது. உடைந்த ஷீட் கிடக்கும் அறைக்குள் போகாமல் இருப்பதே பாதுகாப்பு. வௌவால், புறா எச்சம் காய்ந்து கிடக்கும் அறையைப் பெருக்குவதும் கிளறுவதும்கூட நுரையீரலுக்குக் கேடுதான்.

மூடியிருக்கும் தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி இரண்டையும் திறக்கவே கூடாது. உள்ளே மூச்சுக்குரிய காற்று இல்லாமல் இருக்கலாம். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். மின் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது என்று வாரியத்தின் ஆள் சொல்லும் வரை மீட்டர் பெட்டிக்கும் ஷட்டருக்கும் அருகில் கை போகக் கூடாது. மகனைத் தடுக்காதீர்கள், பகலில், அனுமதியோடு, கட்டடம் தெரிந்தவருடன் போகச் சொல்லுங்கள்.

*கேள்வி: கொடைக்கானலில் இடிபடவிருக்கும் ஒரு வளாகத்தில் என் தகப்பனாரும் அவருக்குப் பின் நானும் தையல் கடை நடத்தினோம். இப்போது இளைஞர்கள் உள்ளே புகுந்து 'பேய் உலாவும் கடைத்தெரு' என்று வீடியோ போடுகிறார்கள். என் கடை வாசலில் நின்று கத்துவதைப் பார்த்தபோது மனம் மிகவும் நொந்தது. புதிய கட்டடத்தில் எங்களுக்குக் கடை கிடைக்குமா என்பதும் தெரியவில்லை. பழையதைப் பதிவு செய்வதால் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன பயன்?*
— தையல் தொழிலாளர், கொடைக்கானல்

ஐயா, உங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஒருவர் நேர்மையாக உழைத்துக் குடும்பத்தைக் காத்த இடத்தைப் பேய் வீடாக்கிக் காட்டுவது அந்த உழைப்பைப் பழிப்பதற்குச் சமம். அந்த இளைஞர்களுக்கு அங்கே யார் இருந்தார்கள் என்று தெரியாது. சொல்வதற்கும் யாரும் முன்வரவில்லை. அதனால்தான் இல்லாத பேயை உண்டாக்கிக்கொள்கிறார்கள். நீங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னால் அந்த வெற்றிடம் நிரம்பிவிடும்.

என்ன சொல்வது என்று நினைக்க வேண்டாம். உங்களிடம் பழைய அளவு நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் மார்பளவும் கை நீளமும் எழுதி, ஓரத்தில் துணித்துண்டைக் குண்டூசியால் குத்தி வைத்த அந்த நோட்டைக் காட்டிலும் உங்கள் ஊரின் வரலாற்றுக்கு மதிப்புள்ள ஆவணம் அரிது. விடுதிப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடை எந்த மாதத்தில் வந்து குவியும், குளிர்காலத்துக்கு முன் யார் யார் கோட்டுத் தைக்க வருவார்கள், மேல்மலைக் கிராமங்களிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வந்தவர்கள் துணியைக் காலையில் கொடுத்து மாலைக்குள் வாங்கிக்கொண்டு போவார்களா, கடன் எப்படித் தீர்ந்தது என்பதையெல்லாம் உங்கள் மகனையோ மகளையோ கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். நோட்டில் உள்ள பெயர்களையும் கடன் விவரங்களையும் மட்டும் வெளியிட வேண்டாம். அவை உங்களை நம்பிக் கொடுக்கப்பட்டவை.

பயனைக் கேட்டீர்கள். மாற்றுக் கடை என்று பேச்சு எழும்போது, யார் எந்தக் கடையில் எவ்வளவு காலம் இருந்தார் என்பதே முதல் கேள்வியாக வரும். ஒதுக்கீட்டு ஆணை, முன்பணம் கட்டிய ரசீது, வாடகை ரசீது, மின் கட்டண அட்டை ஆகியவற்றை இப்போதே தேடி எடுத்து நகல் போட்டு வையுங்கள். அதோடு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் நகராட்சிக்கு ஒரு மனு அனுப்பி, அந்த வளாகத்தின் பழைய வாடகைதாரர் பட்டியலையும், புதிய கடைகளை ஒதுக்குவது பற்றி நகர்மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின் நகலையும் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். கட்டடம் தனியாருடையதாக இருந்தால் இந்த வழி நேரடியாக உதவாது. அப்போது கட்டட அனுமதி தொடர்பாக நகராட்சியில் உள்ள ஆவணங்களை மட்டும் கேட்கலாம். உங்களைப் போன்ற கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, கடை எண் வரிசையில் பெயர்ப் பட்டியல் ஒன்றை எழுதிக் கையொப்பமிட்டு வைப்பது நல்லது. இடித்த பிறகு அந்த வரிசையை நினைவிலிருந்து எழுதினால் சண்டைதான் மிஞ்சும்.

*கேள்வி: பூட்டிய கடைகளில் தொங்கும் பழைய பெயர்ப் பலகைகளின் காலத்தை எப்படி அறிவது?*
— வாசகர், கூடலூர்

நல்ல கேள்வி. பலகையில் ஆண்டு எழுதியிருக்காது. ஆனால் மற்றவை காட்டிக்கொடுக்கும். தமிழ் எழுத்தை முதலில் பாருங்கள். ணா, றா, னா ஆகியவை சுழித்த பழைய வடிவிலும், லை, ளை, னை போன்றவை முன்னால் கொம்பு தூக்கியும் எழுதப்பட்டிருந்தால், தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற 1978க்கு முந்திய கையாக இருக்கலாம். ஆனால் பழைய ஓவியர்கள் சிலர் அதன் பின்னும் பழக்கம் மாறாமல் எழுதினார்கள் என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. 'மதராஸ் மாநிலம்' என்றிருந்தால் 1969க்கு முந்தியது. வரி எண்கள் இன்னும் துல்லியமானவை: தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி 2007 ஜனவரி 1இல் வந்தது, ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1இல் வந்தது; அந்தந்த எண்ணைத் தாங்கிய பலகை அந்தந்த நாளுக்குப் பிந்தியதுதான்.

ஒரே தகரத்தின் மீது இரண்டு மூன்று கடைகளின் பெயர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக எழுதப்பட்டிருப்பதும் உண்டு. டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பலகையின் ஓரத்திலிருந்து சாய்வாக அடித்தால், மேல் வண்ணத்துக்கு அடியில் உள்ள பழைய எழுத்தின் விளிம்புகள் புடைத்துத் தெரியும். அந்த வெளிச்சத்திலேயே ஒரு படம் எடுங்கள்.

*கேள்வி: அமெரிக்காவில் அவ்வளவு பெரிய மால்கள் ஏன் கைவிடப்படுகின்றன? நம் மலைகளிலும் அப்படி நடக்குமா?*
— வாசகர், உதகமண்டலம்

முழுவதும் கூரையிட்டுக் குளிரூட்டிய மால் என்ற வடிவம், வியன்னாவில் பிறந்த விக்டர் குருயன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1956இல் மினசோட்டாவில் திறந்த சவுத்டேல் சென்டரிலிருந்து பரவியது. ஒரு மாலின் இரு முனைகளிலும் பெரிய பல்பொருள் அங்காடிகள் இருக்கும்; சிறு கடைகள் அவற்றுக்கு வரும் கூட்டத்தை நம்பி நடுவில் இருக்கும். பெரிய கடை மூடினால் வாடகையைக் குறைக்கவோ தாமும் வெளியேறவோ உரிமை தரும் ஒப்பந்தம் சிறு கடைகள் பலவற்றுக்கு இருந்ததால், ஒன்று போனவுடன் மற்றவை வரிசையாகப் போயின. தேவைக்கு மேல் மால்கள் கட்டப்பட்டதும், இணைய வணிகமும் அதை விரைவுபடுத்தின. ஓஹையோவில் 1976இல் திறந்தபோது உலகின் மிகப் பெரிய மால்களில் ஒன்றாக இருந்த ராண்டல் பார்க் மால் 2009இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று அமேசானின் கிடங்கு நிற்கிறது.

நம் மலைகளில் அத்தகைய மால்கள் எழ வாய்ப்பு குறைவு. நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் என்ற வரம்பே இருக்கிறது. அந்த வரம்பு தளராமல் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அனுமதித்த தளங்களுக்கு மேல் கட்டியதற்காக 1997இல் மூடப்பட்ட பாங்காக்கின் நியூ வேர்ல்டு மால், பிறகு கூரையின்றி மழைநீர் நிறைந்து கொசு பெருகி, அக்கம்பக்கத்தார் மீன் விடும் குளமாகவே ஆயிற்று. 2015இல்தான் அந்த மீன்களைப் பிடித்து அகற்றினார்கள். இங்கே வளாகங்கள் மூடப்படுவதற்குக் காரணங்கள் வேறு: குத்தகைத் தகராறு, வாடகை பாக்கி, பராமரிப்பின்மை, பேருந்து நிற்கும் இடம் மாறியது. எந்தக் கடை முதலில் போனது, ஏன் போனது என்று உங்கள் ஊர்க் கடைக்காரர்களைக் கேட்டால் அந்த வரிசை உங்களுக்கே தெரிந்துவிடும்.

*கேள்வி: இடிபடப்போகும் கடையின் பெயர்ப் பலகையை நினைவாக எடுத்துக்கொள்ளலாமா?*
— வாசகர், பழனி

கேட்காமல் எடுக்கக் கூடாது. இடிப்பு வேலை ஏலம் போகும்போது ஷட்டர், கம்பி, மரக்கதவு, தகரம் எல்லாவற்றுக்கும் சேர்த்தே ஒப்பந்ததாரர் விலை கணக்கிடுகிறார். பலகையைக் கடைக்காரர் தம் சொந்தச் செலவில் எழுதி மாட்டியிருந்தால், அவர் அதைத் திருப்பித் தரும்படி ஏலத்துக்கு முன்பே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அவர் தர விரும்பினால் நீங்கள் பெற்றுக்கொள்ளுங்கள். ஏலம் முடிந்துவிட்டால் ஒப்பந்ததாரரிடம் பழைய இரும்பு விலை கொடுத்து வாங்குங்கள், ரசீதும் கேளுங்கள்.